தெற்கத்தியப் பண்பாட்டைக் கரைப்பது யார்?

ஒஹாயோவிலிருந்து வட கரோலினாவின் ராலே நகருக்கு வேலை மாறி வரவிருக்கும் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: “அமெரிக்கத் தெற்குக்கு என்று தனியாக ஒரு பண்பாடு இன்னும் மிச்சம் இருக்கிறதா? அட்லாண்டா, நாஷ்வில், ஷார்லட், ராலே எல்லாம் இப்போது ஒரே அச்சில் வார்த்த ஊர்கள் போல ஆகிவிட்டன என்கிறார்கள். எங்களைப் போல வெளியிலிருந்து வந்து குவிகிறவர்கள்தானே அதைக் கரைக்கிறோம்?”

இந்த வட்டாரத்தில் குடியேறி எனக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதே குற்ற உணர்வோடுதான் நானும் பல காலம் இருந்தேன். இப்போது எனக்குத் தெளிவாகியிருப்பதைச் சொல்கிறேன். கரைகிறது, உண்மை. ஆனால் எல்லாம் ஒரே காரணத்தால் கரையவில்லை. இங்கத்திய பேச்சு மாறியது, வந்தவர்களோடு பழகிப் பழகி. பாட்டும் கைவினையும் தேய்ந்ததற்குக் காரணம் வேறு: அவற்றைச் செய்துவந்தவர்களின் காலடி மண் கைமாறியது. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதால், பழி ஒருபக்கம் போகிறது, பொறுப்பு இன்னொரு பக்கம் தப்பித்துக்கொள்கிறது.

முதலில் பேச்சு. நான் வந்த புதிதில் அலுவலகத்தில் ஒரு மூத்த பெண்மணி ‘பின்’ இருக்கிறதா என்று கேட்டார். குண்டூசியை எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, “எழுதுகிற இங்க் பின்” என்றார். பேனாவுக்கும் குண்டூசிக்கும் அவர் வாயில் ஒரே ஒலி. அதனால்தான் பேனாவோடு மையையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் தெற்கில் உண்டு. நம் இலக்கணத்தில் ஐகாரக் குறுக்கம் படித்திருப்பீர்கள். இவர்களிடம் ஐகாரம் நீண்டு ஆகாரமாகவே இளகிவிடும். ‘டைம்’ என்பது ‘டாம்’ ஆகும். எங்கள் அலுவலகத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர்களிடம் அன்று இது சாதாரணம். அவர்களுடைய பிள்ளைகள் பேசினால் எந்த ஊர் என்றே சொல்ல முடியாது.

இது என் காதுக்கு மட்டும் பட்டது இல்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக மொழியியலாளர் ராபின் டாட்ஸ்வர்த்தும் அவருடைய குழுவினரும் ராலேயில் வளர்ந்தவர்களைத் தலைமுறைவாரியாகப் பேட்டி கண்டு, ஒலிப்பதிவு செய்து, உயிரொலிகளை அளந்து பார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிறந்தவர்களிடம் தெற்கத்திய உயிரொலிகள் உறுதியாக நின்றன. அதற்குப் பின் பிறந்தவர்களிடம் படிப்படியாகப் பின்வாங்கின. 1959ல் ராலே, டர்ஹம், சாப்பல் ஹில் ஆகிய மூன்று ஊர்களுக்கு நடுவே ஆராய்ச்சி முக்கோணப் பூங்கா என்ற ஆய்வு நிறுவன வளாகம் உருவானது. 1965ல் ஐபிஎம் அங்கே வர முடிவு செய்தது. வடக்கிலிருந்து பொறியாளர் குடும்பங்கள் வந்து இறங்கின. அவர்களுடைய பிள்ளைகள் ராலே பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் உச்சரிப்பை வீட்டில் தொடங்கினாலும் பள்ளிக்கூடத்து முற்றத்தில்தான் முடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

ஜார்ஜியா மாநிலத்தைப் பற்றி 2023ல் வெளிவந்த ஆய்வும் இதையே சொன்னது. அங்கே வெள்ளை இனத்தவரின் தெற்கத்திய உச்சரிப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறையிடம் உச்சத்தில் இருந்தது. 1965க்கும் 1982க்கும் இடையில் பிறந்தவர்களிடம் சடாரென விழுந்தது. தொலைக்காட்சிதான் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். தொலைக்காட்சியோடு யாரும் திரும்பிப் பேசுவதில்லையே. எதிரே நிற்கிற மனிதரோடு பேசும்போதுதான் வாய் மாறுகிறது.

எனவே பேச்சைப் பொறுத்தவரை நண்பரின் சந்தேகம் சரிதான். ஆனால் அந்தப் பொறியாளர்களை அழைத்தது யார்? அன்றைய வட கரோலினாவின் பிழைப்பு புகையிலை, நெசவாலை, மரச்சாமான் ஆகிய மூன்றையும் நம்பி இருந்தது, கூலி குறைவு. பல்கலைக்கழகங்களில் படித்து முடித்த உள்ளூர் இளைஞர்கள் வேலை தேடி வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். தங்கள் பிள்ளைகளை ஊரிலேயே நிறுத்திக்கொள்ளத்தான் இந்த மாநிலத்தின் தலைவர்களும் பல்கலைக்கழகத்தாரும் வங்கிக்காரர்களும் சேர்ந்து பூங்காவை அமைத்தார்கள். பிள்ளைகள் ஊரில் தங்கினார்கள், பேச்சு தங்கவில்லை. இதை நான் பெரிய அநியாயமாகக் கருதவில்லை. வருத்தம் உண்டு; அந்த ‘டாம்’ என் காதுக்கு இனிமையானது. ஆனால் யாரும் யாரையும் விரட்டாமல் நடந்த மாற்றம் அது.

பேச்சிலும் எல்லாம் போய்விடவில்லை. ‘யால்’ என்ற சொல் இன்று தெற்கைத் தாண்டிப் பிற மாநில இளைஞர்கள் வாயிலும் புகுந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒருவரையும் பலரையும் ஒரே சொல்லால் விளிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறையைத் தெற்கத்தியர் தாங்களே நிரப்பிக்கொண்ட பன்மை அது. நீ, நீங்கள் என்று பிரித்துப் பழகிய நமக்கு அதன் அருமை உடனே புரியும். மூத்த பெண்களின் முதற்பெயருக்கு முன் ‘மிஸ்’ சேர்த்து அழைப்பது, பெரியவர்கள் கேட்டால் ‘யெஸ் மேம்’ என்று சொல்வது ஆகிய பழக்கங்களையும் நம் குழந்தைகள் இங்கே எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அக்கா, அம்மா என்று சொல்லி வளர்ந்த வாய்க்கு அது அந்நியமாக இருப்பதில்லை.

எங்கள் வீடு இருக்கும் கேரி, ராலேயை ஒட்டிய ஊர். 1960ல் அங்கே சுமார் 3,400 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 1,74,721 பேர். அந்த ஊர்ப் பெயரின் எழுத்துகளை விரித்து, ‘இடம்பெயர்ந்த யாங்கிகளை (வடக்கத்தியரை) அடைத்துவைக்கும் பகுதி’ என்று பொருள் வரும்படி உள்ளூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். நாங்கள் குடிவந்த முதல் கோடையில், எங்கள் குடியிருப்பின் எல்லையில் பழைய பண்ணை வீட்டில் இருந்த ஒரு மூதாட்டி ஒரு காகிதப் பை நிறையத் தக்காளியோடு வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்: “உங்கள் ஆட்கள் யார்?”

அதை இன விசாரணை என்று நினைத்து என் மனைவி முகம் சுருங்கினாள். பின்னால்தான் தெரிந்தது, தெற்கில் இது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. நம் ஊர்த் திண்ணையில் புதிய முகத்தைப் பார்த்ததும் “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்பதுதான் அது. எந்தச் சர்ச், எந்த மாவட்டம், தாத்தா யார் என்று இரண்டு நிமிடம் பேசினால் எங்கேயாவது ஓர் உறவு தட்டுப்படும். அதற்குப் பின் நீங்கள் அந்நியர் இல்லை. பத்தில் ஏழு பேர் வெளியூர்க்காரராக இருக்கும் தெருவில் அந்தக் கேள்விக்குப் பதில் வராது. பதில் வராத கேள்வியை மனிதர்கள் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். வளர்ச்சி எடுத்துப்போகிற பொருள்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அந்தப் பாட்டிக்கு என் மனைவி பொறுமையாகத் திருநெல்வேலியையும் தன் அம்மா வழி ஊரையும் விளக்கினாள். அடுத்த முறை வந்தபோது அவர் அந்த ஊர்ப் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லி, அங்கே மழை பெய்ததா என்று விசாரித்தார்.

அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாகப் புகையிலை பயிரிட்டது. யார் எத்தனை புகையிலை விற்கலாம் என்ற அரசு ஒதுக்கீட்டு முறை 1938லிருந்து இருந்தது. சிறு விவசாயியும் பிழைத்ததற்கு அதுவே காரணம். 2004ல் அமெரிக்க நாடாளுமன்றம் இழப்பீடு கொடுத்து அந்த முறையை முடித்துவைத்தது. ஒதுக்கீடு போனதும் பத்து, இருபது ஏக்கர்காரர்களுக்குக் கட்டுபடியாகவில்லை. அதே நேரத்தில் வீடு கட்டுகிறவர்கள் நல்ல விலையோடு வாசலில் நின்றார்கள். பாட்டி மனமுவந்தே விற்றார். அவருடைய பேரன் அந்தப் பணத்தில் படித்தான். இந்த நிலத்தைப் புதியவர்கள் பறித்தார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் பாட்டியே சண்டைக்கு வந்திருப்பார்.

டர்ஹமில் நடந்தது அப்படிப்பட்டது இல்லை. அங்கே ஹேட்டி என்ற கறுப்பினத்தவர் பகுதி இருந்தது. 1898ல் தொடங்கிய நார்த் கரோலினா மியூச்சுவல் என்ற காப்பீட்டு நிறுவனம் உட்படக் கறுப்பினத்தவரே நடத்திய தொழில்களால் டர்ஹம் நாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. அறுவடை முடிந்து புகையிலை ஏலம் நடக்கும் மாதங்களில் விவசாயிகள் கையில் காசோடு ஊருக்குள் வருவார்கள். கிடங்குகளுக்கு வெளியே பிளைண்ட் பாய் ஃபுல்லர், ரெவரெண்ட் கேரி டேவிஸ் போன்ற கண் தெரியாத இசைஞர்கள் கிட்டாரோடு நிற்பார்கள். கட்டைவிரல் தாளத்தைப் பிடித்துக்கொள்ள மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும் அந்தப் பாணிக்குப் பீட்மான்ட் ப்ளூஸ் என்று பெயர். வேலை, கூலி, ஏலம், கூட்டம், சில்லறை என்ற ஒரு வட்டம் முழுதாக இருந்ததால் வளர்ந்த இசை அது.

பிறகு ‘நகர்ப் புதுப்பிப்பு’ வந்தது. பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டித்தருவதாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். 1960களிலிருந்து நெடுஞ்சாலைக்காகவும் புதுப்பிப்புத் திட்டத்துக்காகவும் ஹேட்டியை இடித்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களும் ஏறத்தாழ 500 கடைகளும் தொழில்களும் இடம் இழந்தன. வாக்களித்தபடி திரும்பக் கட்டியது சொற்பம். இன்று அந்தச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியாது. புனித ஜோசப் சர்ச் கட்டடம் மட்டும் தப்பி, ஹேட்டி பாரம்பரிய மையமாக இன்று இருக்கிறது. நீங்கள் வந்ததும் ஒருநாள் அங்கே போங்கள்.

இதைச் செய்தது யார்? வெளியூர்க்காரர்களா? அன்று டர்ஹமில் எங்களைப் போன்றவர்கள் மிகக் குறைவு. உள்ளூர் நகராட்சியும், மாநில நெடுஞ்சாலைத் துறையும், வாஷிங்டனின் பணமும் சேர்ந்து செய்தார்கள். எல்லாம் வளர்ச்சியின் பெயரால். நாஷ்வில்லில் ஜெஃபர்சன் தெருவுக்கும் இதே கதிதான். இளம் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்த இசை விடுதிகள் இருந்த அந்தத் தெருவையும் சுற்றுப்புறத்தையும் 1960களின் இறுதியில் நெடுஞ்சாலை குறுக்கே வெட்டியது. இன்று நாஷ்வில்லின் பழைய இசை அழிந்துவிட்டது என்று சுற்றுலாப் பயணிகளைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் அந்தச் சாலையைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வருவது இங்கேதான்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு எதிர்க்கரையில் மவுண்ட் பிளசன்ட் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே பதினேழாம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் மரத்தட்டிகள் போட்டுக் கூடை பின்னி விற்கும் பெண்களைப் பார்க்கலாம். அவர்கள் கல்லா கீச்சி மக்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். சார்ல்ஸ்டன் செல்வம் கொழித்தது அவர்கள் விளைவித்த நெல்லில்தான். அந்தக் கூடைகளில் ஆதி வடிவம் தட்டையான, அகலமான ஒன்று. முதலில் அதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அது முறம். நெல்லைப் புடைக்க என் பாட்டி வைத்திருந்த அதே பொருள். மூங்கிலுக்குப் பதில் ஸ்வீட்கிராஸ் என்ற வாசனைப் புல்லைச் சுருட்டிச் சுருட்டித் தைத்திருந்தார்கள்.

அந்தப் புல் கடலோர மணல்மேடுகளிலும் சதுப்பு ஓரங்களிலும் வளர்வது. கரையோரம் முழுவதும் வாயிற்கதவு போட்ட குடியிருப்புகளாகவும் விடுதிகளாகவும் மாறியபோது புல் அறுக்கப் போகும் வழி அடைபட்டது. சாலையை அகலப்படுத்தியபோது தட்டிகள் போடும் இடமும் சுருங்கியது. 2006ல் அந்தச் சாலைக்குக் கூடை பின்னுகிறவர்களின் பெயரைச் சூட்டினார்கள். அதே ஆண்டு வட கரோலினாவிலிருந்து புளோரிடா வரை கல்லா கீச்சி பண்பாட்டுப் பாதை என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது. பெயர் சூட்டியதால் புல் முளைப்பதில்லை.

நிலம் போன விதத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விடுதலைக்குப் பின் பெரும்பாடுபட்டு வாங்கிய நிலங்களை அந்தக் குடும்பங்கள் உயில் எழுதாமலே தலைமுறை தலைமுறையாக அனுபவித்துவந்தன. வெள்ளையர் நடத்திய நீதிமன்றத்தை அவர்கள் நம்பாததற்குக் காரணம் இருந்தது. சட்டப்படி அது எல்லா வாரிசுகளுக்கும் பொதுவான, பாகப்பிரிவினை ஆகாத சொத்து. நியூயார்க்கில் இருக்கும் ஏதோ ஓர் ஒன்றுவிட்ட பேரனிடம் சிறு பங்கை வாங்கிக்கொண்டு ஒரு நிலவியாபாரி நீதிமன்றம் போவார். பிரிக்க முடியாது, முழுவதையும் ஏலம் விடுங்கள் என்பார். ஏலத்தில் அவரே எடுப்பார். அங்கேயே பிறந்து அங்கேயே கிழவியானவள் வீட்டைக் காலிசெய்வாள். கூட்டுச் சொத்து வழக்குகளைக் கண்ட நமக்கு இந்த வலி புதிதில்லை. 2015ல் சார்ல்ஸ்டன் சர்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்ட பாதிரியாரும் மாநில மேலவை உறுப்பினருமான கிளமெண்டா பிங்க்னியின் பெயரில் 2016ல் தென் கரோலினா ஒரு சட்டம் கொண்டுவந்தது. இப்போது அப்படி வழக்கு வந்தால் மற்ற வாரிசுகள் அந்தப் பங்கை மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்ள முதல் வாய்ப்பு உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்திருக்க வேண்டிய சட்டம் அது.

‘வந்தவர்’ என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1910ல் அமெரிக்கக் கறுப்பின மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் தெற்கில் இருந்தார்கள். அங்கிருந்து 1970க்குள் ஏறத்தாழ 60 லட்சம் பேர் இனக்கொடுமைக்கும் வறுமைக்கும் தப்பி வடக்கே, மேற்கே போனார்கள். 1970களிலிருந்து ஓட்டம் திரும்பியது. சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் பிறந்த பேரப்பிள்ளைகள் அட்லாண்டாவுக்கும் ஷார்லட்டுக்கும் வருகிறார்கள். பாட்டியின் சமையலும் சர்ச் பாட்டும் அவர்களுக்குத் தெரியும். கார்ப் பலகை மட்டும் இல்லினாய். இவர்களை வெளியூர்க்காரர் கணக்கில் சேர்ப்பதா, ஊர் திரும்பியவர் கணக்கில் சேர்ப்பதா? ஒருபக்கம் அட்லாண்டா வட்டாரத்துக்கு அவர்கள் வந்துகொண்டே இருக்க, மறுபக்கம் நகரத்தின் நடுவில் வாடகை ஏறி, 1990ல் நகர மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்காக இருந்த கறுப்பினத்தவர் 2020ல் பாதிக்கும் கீழே வந்துவிட்டார்கள். புறநகருக்குத் தள்ளப்பட்டவர்கள் பழைய சர்ச்சுக்கு ஞாயிறுதோறும் நாற்பது கிலோமீட்டர் காரோட்டி வருகிறார்கள். ஒருநாள் காரோட்ட முடியாத வயது வரும்.

வந்தவர்கள் சேர்த்தது எதுவும் இல்லையா என்றால், ஹூஸ்டனுக்குப் போய்ப் பாருங்கள். 1975க்குப் பின் வியட்நாமிய அகதிகள் மெக்சிகோ வளைகுடாக் கரையில் இறால் பிடிக்க வந்தார்கள். வெந்நிலமும் ஆற்றுமுகமும் அவர்களுக்குப் பழகியவை. லூசியானாவின் கேஜன் மக்கள் மசாலா நீரில் வேகவைத்த நன்னீர் நண்டுபோன்ற கிராஃபிஷை, இவர்கள் பூண்டும் வெண்ணெயும் போட்டுப் புரட்டினார்கள். இன்று அது ஹூஸ்டனின் சொந்தச் சாப்பாடு. அதே ஹூஸ்டனை ஒட்டிய பியர்லேண்டில் மீனாட்சி கோயில் இருக்கிறது. எங்கள் கேரியில் வேங்கடேசுவரர் கோயிலுக்கு 2022ல் எழுப்பிய ராஜகோபுரம் 87 அடி. எங்களுக்குத் தக்காளி கொண்டுவந்த அந்தப் பாட்டி உயிரோடிருந்தால் அதைப் பார்த்து, “யால் ஒரு பெரிய சர்ச் கட்டிவிட்டீர்கள்” என்றிருப்பார். அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நமக்குத் தெற்கோடு ஒட்டும் இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வெண்டைக்காய், காராமணி, வேகவைத்த வேர்க்கடலை. வெண்டையும் காராமணியும் ஆப்பிரிக்கர்களோடு கடல் தாண்டி வந்தவை. புத்தாண்டு அன்று காராமணி சாப்பிட்டால் ஆண்டு முழுக்கச் செழிப்பு என்பது இங்கத்திய நம்பிக்கை. வேர்க்கடலையை உப்புநீரில் வேகவைத்து ஈரத்தோடு பொட்டலம் கட்டிச் சாலையோரத்தில் விற்பார்கள். தென் கரோலினா அதைத் தன் அதிகாரபூர்வச் சிற்றுண்டியாகவே 2006ல் அறிவித்தது. வடக்கிலிருந்து வரும் அமெரிக்கர்கள் அதை வாயில் போட்டதும் முகம் சுளிப்பார்கள். நம்மவர்கள் இரண்டாவது பொட்டலம் கேட்பார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ‘தெற்கத்தியப் பண்பாடு’ என்ற பெயரில் போனதில், போயே தீர வேண்டியதும் இருந்தது. கறுப்பினத்தவருக்கென்று தனித் தண்ணீர்க் குழாய், தனிப் பள்ளி, தனி நாற்காலி. அதை ஒழிக்கப் புறப்பட்டவர்களும் தெற்கத்தியர்களே. 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் வெள்ளையருக்கு மட்டுமான உணவுக் கவுன்டரில் எழுந்திருக்க மறுத்து உட்கார்ந்த நான்கு மாணவர்கள் வட கரோலினாவின் கல்லூரியில் படித்தவர்கள். அதே ஏப்ரலில் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது ராலேயின் ஷா பல்கலைக்கழகத்தில். எனவே பழையது எல்லாம் நல்லது, புதியது எல்லாம் சிதைவு என்ற புலம்பலில் எனக்குச் சம்மதம் இல்லை.

வருவதற்கு முன் உங்களுக்கு ஒன்றிரண்டு வேலைகள் சொல்கிறேன். யாராவது உங்கள் ஆட்கள் யார் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் தாத்தா ஊரிலிருந்து தொடங்குங்கள். பிறகு அதே கேள்வியை அவரிடம் கேளுங்கள், உட்கார்ந்து கேளுங்கள். பத்தாண்டு முன் வந்தவர் நடத்தும் கடையோடு, ஐம்பதாண்டாக அங்கேயே இருப்பவர் நடத்தும் கடைக்கும் போங்கள். வீடு வாங்கும்போது அந்த நிலம் முன்பு யாருடையது என்று மாவட்டப் பத்திர அலுவலகப் பதிவில் பாருங்கள். பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். ஒரு நிலத்தின் பயன்பாட்டை மாற்றப் போகிறார்கள் என்றால் சாலை ஓரத்தில் நகராட்சி ஓர் அறிவிப்புப் பலகை நடும். அதில் பொதுக் கூட்டத்தின் தேதி இருக்கும். பெரும்பாலும் செவ்வாய், வியாழன் மாலைகளில், நாம் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அழைத்துப் போகும் நேரத்தில் வைப்பார்கள். அங்கே நிலவியாபாரியின் வழக்கறிஞர் இருப்பார், வெளியேற வேண்டியிருக்கும் பழைய குடும்பத்தார் நான்கைந்து பேர் இருப்பார்கள், நம்மவர் நாற்காலிகள் காலியாக இருக்கும். நான் முதல் பதினைந்து ஆண்டுகள் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. நீங்கள் முதல் ஆண்டே போங்கள்.